முதலில் உலை கொதிக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்: பழைய கட்டடங்கள்

பழைய வீட்டை அருங்காட்சியகமாக மாற்றுவது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். முதல் கடிதத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்ற கடிதங்களில் உள்ள பாதிக் கேள்விகளுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

தேவகோட்டை அருகிலிருந்து ஒரு வாசகி: என் கணவரின் பாட்டையா 1912இல் கட்டிய வீடு. இப்போது பதினொரு புள்ளிக்கு, அதாவது பதினொரு குடும்பத்துக்குப் பங்கு. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிறோம். போன மழையில் இரண்டாங்கட்டு ஒழுகியது. விற்க மனமில்லை. ஊருக்கு ஓர் அருங்காட்சியகமாகவும், கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் இடமாகவும் ஆக்க நினைக்கிறேன். திட்டம் ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன். பங்காளிகளில் சிலர் சிரிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஆச்சி, தாராளமாகச் செய்யலாம். உங்கள் திட்டத்தின் வரிசையை மட்டும் தலைகீழாக்கச் சொல்வேன். நீங்கள் முதலில் கண்ணாடிப் பெட்டிகள், அடுத்து பெயர்ப்பலகை, திறப்பு விழா, கடைசியில் தங்கும் அறைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கூரை. அடுத்து அடுப்படியும் கழிப்பறையும். பிறகு இரண்டு பேர் தங்க இரண்டு அறைகள். கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றுக்கும் கடைசி.

ஏன் என்று சொல்கிறேன். ஆள் இருக்கும் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகினால் அன்று இரவே யாரோ எழுந்து ஓர் ஏனத்தை வைக்கிறார்கள், காலையில் ஓட்டுக்காரருக்கு ஆள் போகிறது. பூட்டிய வீட்டில் அதே சொட்டை நான்கு மாதம் கழித்துத்தான் பார்க்கிறோம். அதற்குள் உத்திரத்தின் முனை ஊறி, சுவரில் கறையான் புற்று ஏறி, புறா கூடு கட்டியிருக்கும். தினமும் கூட்டுகிற துடைப்பம் கறையானைத் தடுப்பதுபோல எந்த மருந்தும் தடுப்பதில்லை. கலைஞர்கள் தங்குவதை உங்கள் திட்டத்தின் அலங்காரமாக நினைக்காதீர்கள். அந்த வீட்டுக்குக் காவலே அவர்கள்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பதினான்கு வருடங்களுக்கு முன், வேறு ஓர் ஊரில், உங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டில் ஐந்து மாதம் உழைத்துக் காட்சிக்கூடம் அமைத்தோம். அழகாக இருந்தது. விழா முடிந்ததும் பூட்டிவிட்டு வந்தோம். வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் வந்து திறப்பார். அந்த ஐப்பசியில் மழைநீர்க் குழாயின் வாயை அரசஇலை அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவர் வழியாக உள்ளே இறங்கியது. ரங்கூனில் எடுத்த ஒரு குடும்பப் படம் அந்தச் சுவரில் மாட்டியிருந்தது. எட்டுப் பேர் நிற்பார்கள், நடுவில் ஒரு குழந்தை நாற்காலியில். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. சட்டத்தைக் கழற்றியபோது முகங்கள் கண்ணாடியில் இருந்தன, காகிதத்தில் வெறும் உடைகள் மட்டும். அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது. அந்த வீட்டில் யாராவது ஒருவர் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

ஆகவே கூரைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு, முகப்பின் மேல் தட்டையான சுண்ணாம்புத் தளம். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். ஓட்டுச் சரிவுகள் இரண்டு சேரும் மூலையில்தான் பெரும்பாலும் ஒழுகும். அங்கே தார் பூசலாம் என்பார்கள், கேட்காதீர்கள். ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டு, நல்லதைத் திரும்ப மேயச் சொல்லுங்கள். தளம் வேறு கதை. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கலைக் குத்தாக நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. ஒழுகுகிறது என்று மேலே சிமெண்ட் கான்கிரீட் போட்டால் பாரம்தான் கூடும், கீழே உள்ள கட்டை வளையும். விரிசலைச் சுத்தம் செய்து சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும். உத்திரங்களை நீங்களே சோதிக்கலாம். ஏணி வைத்து ஏறி, சுவருக்குள் நுழையும் முனையில் ஒரு கோணூசியால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு ஊசியை உள்ளே விடாது. மாவுபோல இறங்கினால் அந்த முனையைச் சாக்பீஸால் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பங்காளிகள் விஷயம். சிரிக்கிறவர்களிடம் உரிமையை எழுதிக் கேட்காதீர்கள், கேட்ட மறுநாளே வக்கீல் வந்துவிடுவார். கூட்டுச் சொத்தில் பங்கு உள்ள யார் வேண்டுமானாலும் பாகப் பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம், அது உங்களுக்குத் தெரியாததல்ல. பொதுவான முகப்பு, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு, பின்கட்டு, அத்துடன் விருப்பமுள்ள புள்ளிகளின் அறைகள், இவற்றை மட்டும் குறிப்பிட்ட வருடங்களுக்குக் குத்தகையாகக் கேளுங்கள். குத்தகையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். யாருக்குக் குத்தகை? ஒரு சங்கத்துக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரும் உங்கள் வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், அந்த வீட்டில் வேலை செய்த குடும்பத்திலிருந்து ஒருவர், கொத்தனார் வீட்டிலிருந்து ஒருவர் இருக்கட்டும். கல்யாணம், படைப்பு நாட்களில் வீடு குடும்பத்துக்கே என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். சிரிக்கிறவர்களின் பயமே அதுதான்: நம் வீட்டில் நம் பிள்ளை கல்யாணத்தை நடத்த இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டிவருமோ என்பது. அந்தப் பயம் நியாயமானது. அது போனால் பாதிப் பேர் சாவியோடு வருவார்கள்.

சாமி அறையையும் படைப்புப் பேழையையும் காட்சிக்கு வைக்காதீர்கள். திட்டத்தில் ஆறாவது வரியில் அது இருக்கிறது, அடித்துவிடுங்கள். இன்னும் கும்பிடுகிற பொருளைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டியில் என்ன வைப்பது என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மங்கு என்கிற எனாமல் சாமான், பர்மா மரவை என்கிற மரப் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி, எல்லாம் சரி. இவை எல்லா வீட்டிலும் இருக்கின்றன, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும் அடுக்கிக் கிடக்கின்றன. பொருளைவிட அது இருந்த இடம் முக்கியம். ஒரு வீட்டில், சுவீடன் நாட்டு மங்கு வாளி ஒன்றுக்கு ‘20ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், எனாமல்’ என்று நானே அட்டை எழுதி வைத்தேன். எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் வந்தார். அட்டையைப் படிக்கவில்லை. வாளியைத் தூக்கி உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார். ‘இது உப்புக்கண்டம் வைத்தது. அடியில் பார், உப்பு தின்ற தடம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது, திரும்பி வந்துவிட்டது’ என்றார். ஏன் திரும்பி வந்தது என்ற கதையைச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அந்தக் கதையை எழுதி அட்டையை மாற்றினோம். அதன் பிறகு வருகிறவர்கள் அந்த வாளியின் முன்தான் நிற்கிறார்கள்.

ஆகவே, பெட்டி வாங்குகிற பணத்தில் முதலில் ஒரு குரல் பதிவுக் கருவி வாங்குங்கள். உங்கள் வீட்டு ஆச்சிகளை மட்டும் பேசவைத்தால் போதாது. ஊருக்கான அருங்காட்சியகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓலைக் கொட்டான் முடைந்தவர்கள், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் ஊற்றி வார்த்தவர்கள், கல்யாணத்துக்குச் சீர் சாமான் பரப்பும் நாளில் விடிய விடியப் பாத்திரம் துலக்கியவர்கள், எல்லோரும் பேச வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. தூண்களையும் தெரு அமைப்பையும் அந்தப் பட்டியல் பேசும். பாத்திரம் துலக்கியவரின் பெயரை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து ஓர் இளம் ஓவியர்: கிராமத்துப் பழைய வீட்டில் தங்கி வேலை செய்யக் கலைஞர்கள் உண்மையிலேயே வருவார்களா? வருகிறவர்களுக்கு என்ன தர வேண்டும், அவர்களிடம் என்ன கேட்கலாம்?

வருவார்கள், தம்பி. கலைஞர்களுக்கு வேண்டியது இடமும் தனிமையும் சாப்பாடும்தான். இது புதிய எண்ணமும் அல்ல. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கலைஞர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணம்தான் அவர்களைத் தாங்கியது. இன்று அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. கவனியுங்கள், கலைஞர்கள் முதலில் வாழ்ந்தார்கள், அருங்காட்சியகம் பின்னால் வந்தது. கொச்சியில் ஆஸ்பின்வால் இல்லம், 1867இல் தோன்றிய ஒரு வணிக நிறுவனத்தின் வளாகம். மிளகும் தேங்காய் எண்ணெயும் ஏற்றுமதியான இடம். 2012இல் தொடங்கிய கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி அதைத் தன் முக்கியக் காட்சியிடமாக ஆக்கிக்கொண்டது. பக்கத்திலேயே உள்ள பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்கில் கலைஞர்கள் தங்கி வேலை செய்திருக்கிறார்கள். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், இடிபடவிருந்த வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள். ஒரு செட்டிநாட்டு வீடும் அதில் உண்டு. போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் தெருவுக்குத் திரும்பி வரும்போது, அங்கே இல்லாத ஒன்று இங்கே இருப்பது தெரியும்: எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

என்ன தர வேண்டும்? கட்டில், கொசுவலை, மேசை, இரவில் எரியும் நல்ல விளக்கு, பகலில் வெயில் நேரே விழாத ஒரு சன்னல். மூன்று வேளைச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரட்டும், அதற்கு முறையான கூலி கொடுங்கள். மாதம் ஒருவர் அல்லது இருவர் போதும்.

வேலை செய்யும் அறையை வளவில் வைக்காதீர்கள், பின்கட்டில் வையுங்கள். ஆத்தங்குடித் தரையில் ஆசிட் சிந்தினால் நிறம் அரித்துப் போகும், எண்ணெய் வண்ணம் ஊறினால் கறை நீங்காது. இன்னொன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தலைக் குவித்துவைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். சுற்றிலும் பர்மா தேக்கு இருக்கிற வீடு. மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கந்தலை அதில் போடுவதைத் தங்க வருகிறவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என்ன கேட்கலாம்? ஓர் ஓவியத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அது வாடகை கேட்பதுபோல. ஊர்ப் பள்ளியில் இரண்டு பிற்பகல் பிள்ளைகளோடு செலவிடச் சொல்லுங்கள். போகிற வாரம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, செய்த வேலையை ஊராருக்குக் காட்டச் சொல்லுங்கள், முடியாத வேலையாக இருந்தாலும். ஊர்க்காரர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

கும்பகோணம் வாசகர்: நூறு வருட வீட்டை நூலகமாக்குகிறோம். சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறது. சிமெண்ட் பூச்சும் எமல்ஷன் பெயிண்டும் அடித்தால் நிற்குமா?

நிற்காது. நான்கு மழைக்குப் பிறகு இன்னும் உயரத்தில் உதிரும். பழைய சுவரில் தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக்கொண்டும் இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் மேலே தேடிப் போகிறது, போகிற இடத்தில் உப்பை விட்டுச் செல்கிறது. ஏற்கெனவே யாராவது கீழே மூன்றடிக்குச் சிமெண்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள்.

பிறகு சுண்ணாம்பு. கடையில் வாங்கிய தூளை அன்றே குழைத்துப் பூசுகிறவரை நம்பாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு தொட்டியில் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த வயதான கொத்தனார் ஒரு சிட்டிகையை எடுத்து, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே வைத்து, காதருகில் கொண்டுபோய்த் தேய்ப்பார். ‘நறநறக்கிறது, இன்னும் பத்து நாள்’ என்று மூடிவிடுவார். அந்தச் சிறு கட்டிகள் சுவரில் ஏறிய பிறகு ஈரம் குடித்துப் பொரிந்து, பூச்சில் குழி விழவைக்கும். சத்தமே இல்லாமல் வெண்ணெய்போல நழுவும் நாளில்தான் மணலைக் கொண்டுவரச் சொல்வார். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர், மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு எல்லாம் அதற்கப்புறம். நூலகச் சுவருக்கு முட்டைப் பூச்சு தேவையில்லை. சுண்ணாம்பு வெள்ளையே போதும், வருடா வருடம் பொங்கலுக்கு அடித்துக்கொள்ளலாம். சுவரோடு ஒட்டிப் புத்தக அலமாரி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: தாத்தாவின் ஓலைச்சுவடிகளும் ஒரு பழைய செப்புச் சிலையும் வீட்டில் இருக்கின்றன. ஊர் அருங்காட்சியகத்தில் வைக்கலாமா?

சிலை நூறு வருடத்துக்கு மேற்பட்டதென்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், பதிவு செய்ய வேண்டும். சுவடிகளுக்கு எல்லை 75 வருடம். ஓவியம் தீட்டிய சுவடி என்றால் அதற்கும் பதிவு உண்டு. பதிவு அலுவலரிடம் படங்களோடு போங்கள். பதிவுக்கு முன் காட்சிக்கு வைக்க வேண்டாம். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த சிலை என்றால் அதை உங்களுடையது என்று வைத்துக்கொள்ள முடியாது, உடனே வருவாய்த் துறைக்குத் தெரிவியுங்கள். சுவடியை வெயிலில் காயவைக்காதீர்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயை மெலிதாகத் தடவி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஓலை உளுத்திருந்தால் அதையும் செய்யாமல் அறிந்தவரிடம் கொடுங்கள்.

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் ஊரில் அரண்மனை போன்ற வீடெல்லாம் இல்லை. மூடிக்கிடக்கும் அரிசி ஆலைதான் இருக்கிறது. அதைப் போய் அருங்காட்சியகமாக்குவதா என்று கேட்கிறார்கள்.

டீச்சர், இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். அரிசி ஆலையில் தூண் குறுக்கிடாத பெரிய கூடம் இருக்கும், உயரத்தில் வெளிச்சம் வரும் திறப்பு இருக்கும், லாரி நிற்கும் வாசல் இருக்கும். சிற்பி ஒருவருக்கு இதைவிட நல்ல பட்டறை கிடையாது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் மட்டும் கையால் உடைக்கவோ, துளையிடவோ, பிள்ளைகளை வைத்துக் கூட்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முறை தெரிந்தவர்களைக் கொண்டு முழுத் தகடாகக் கழற்றுங்கள்.

நெல் அவித்த தொட்டி, உலர்த்திய களம், புகைபோக்கி, மூன்றையும் யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்த பெண்கள் உங்கள் மாணவர்களின் பாட்டிகளாகத்தான் இருப்பார்கள். அவர்களை வகுப்பறைக்கு அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்துப் பேசச் சொன்னால் ‘என்னத்தைச் சொல்ல, வேலை செய்தோம்’ என்று முடித்துவிடுவார்கள். ஆலைக்கே அழைத்துப் போங்கள். விடியற்காலையில், அவர்கள் வேலைக்கு வந்த நேரத்தில். களத்தில் நிற்கவைத்து, ஒரு கூடை நெல்லையும் கொண்டுபோய்க் கொட்டுங்கள். காலால் நெல்லைக் கிளறிவிடத் தொடங்கிய பிறகு கேள்வியைக் கேளுங்கள்.